நடமாட்டம் இருக்கும்போதே குடிபோங்கள்: நெல்லைப் பக்கம் சீனியர் லிவிங்கில் சேர நினைப்பவர்களுக்கு

எனக்கு 69 வயது, என் வீட்டுக்காரருக்கு 76. பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் இருந்த சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு, ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளி இருக்கும் ஒரு ரிட்டயர்மென்ட் கம்யூனிட்டிக்கு 2022 தை மாதம் குடிவந்தோம். வாரத்துக்கு ஒருவராவது போன் செய்து, எப்படி இருக்கிறது, எவ்வளவு ஆகும், நாங்களும் வரலாமா என்று கேட்கிறார்கள். எல்லோரும் முதலில் விலையைக் கேட்கிறார்கள், அப்புறம் சாப்பாடு, அப்புறம் கோயில் பக்கமா என்று. நான் படுக்கையில் விழுந்தால் இந்த இடம் என்னை என்ன செய்யும் என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை. அந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இது முதியோர் இல்லம் இல்லை. சும்மா வயதானவர்களுக்கு மட்டும் விற்கும் அபார்ட்மென்ட்டும் இல்லை. ஒரே வளாகத்துக்குள் மூன்று படி இருக்க வேண்டும்: நம் பாட்டுக்கு இருக்கும் தனி வீடு, குளிக்க, உடுத்த, மாத்திரை எடுத்துக்கொள்ள ஆள் துணை கிடைக்கும் பகுதி, நர்ஸ் இரவும் பகலும் இருக்கும் படுக்கைப் பகுதி. ஒரு படியில் முடியாமல் போனால் அடுத்த படிக்கு அதே வளாகத்துக்குள் மாறிக்கொள்ளலாம், வேறு ஊருக்குப் போக வேண்டாம். மூன்றும் இருந்தால்தான் அது தொடர்பராமரிப்பு. பல இடங்களில் முதல் படி மட்டும் இருக்கும், மற்ற இரண்டும் விளம்பரத் தாளில் படமாக இருக்கும். போய்ப் பார்க்கும்போது "படுக்கைப் பகுதியைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். கட்டில் கிடக்கிறதா, கட்டிலில் ஆள் இருக்கிறாரா, அவருடைய நகம் வெட்டி இருக்கிறதா, அறையில் மூத்திர வாடை அடிக்கிறதா என்று பாருங்கள். தோட்டத்தையும் லைப்ரரியையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எப்போது போவது

நம் ஊரில் எல்லோரும் செய்யும் தப்பு, முடியாமல் போன பிறகு போகலாம் என்று இருப்பது. சேரும்போது டாக்டர் பரிசோதனை உண்டு. தானாக நடக்கிறவர், தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறவர் என்றால்தான் முதல் படியில் வீடு கொடுப்பார்கள். எங்கள் தெருவில் இருந்த ஒரு அண்ணாச்சி, எங்களோடு வந்து இடத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்" என்று போனார். அடுத்த வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. அதற்குப் பிறகு அவர் மனைவி, எங்களுக்கு மைனி, வந்து கேட்டபோது இரண்டு பேருக்கும் சேர்த்து வீடு கிடைக்கவில்லை. அண்ணாச்சிக்குப் படுக்கைப் பகுதியில் இடம் இருந்தது, அதுவும் நேராக வெளியாள் கட்டணத்தில். மைனி எங்கே இருப்பது? அந்த அம்மா தினமும் பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனதை நான் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

65இலிருந்து 75க்குள் போவது நல்லது என்பது என் கருத்து. புது இடத்தில் நாலு பேரைப் பழகிக்கொள்ளும் தெம்பு அப்போது உடம்பிலும் மனசிலும் இருக்கும். இரண்டு பேரும் இருக்கும்போதே போவது இன்னும் நல்லது, ஒருவர் முன்னே போனாலும் மிச்சமிருப்பவருக்கு அதற்குள் பழகிய முகங்கள் இருக்கும்.

சொந்தக்காரர்கள் பேசுவார்கள். என் மூத்த மைனி கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர் மாதிரி வந்து, வீட்டை எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பிள்ளைய இருந்தும் ஒங்களுக்கு இப்படி ஒரு விதியா?" என்று கண்ணைத் துடைத்தார். மகன் பெங்களூரில், மகள் அமெரிக்காவில். இரண்டு பேரும் கூப்பிட்டார்கள், நாங்கள்தான் போகவில்லை. பதினோராம் மாடியில் காலை முதல் சாயங்காலம் வரை பேச ஆள் இல்லாமல் உட்கார்ந்திருப்பதற்கு, தாமிரபரணித் தண்ணியைக் குடித்துக்கொண்டு நம் பாஷை பேசுகிறவர்களோடு இருக்கலாம் என்று முடிவு எடுத்தோம். பிள்ளைகள் தள்ளிவிட்டார்கள் என்ற பேச்சுக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள், பேசுகிறவர்கள் யாரும் ராத்திரி இரண்டு மணிக்கு வந்து நம்மைத் தூக்கிவிடப் போவதில்லை.

ராத்திரி பெல்

பணம் கட்டுவதற்கு முன்னால் குறைந்தது பத்து நாள் விருந்தினர் அறையில் தங்குங்கள், காசு கேட்டாலும் கொடுத்துத் தங்குங்கள். நாங்கள் இரண்டு இடங்களில் தங்கினோம். முதல் இடத்தில் நாலாவது ராத்திரி இரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு, பாத்ரூமில் இருந்த அவசர பெல்லை அமுக்கிவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தைந்து நிமிஷம் ஆகியும் யாரும் வரவில்லை, கடைசியில் அவர்தான் கீழே இறங்கிப் போய் வாட்ச்மேனை எழுப்பினார். பெல் ஆபீஸ் அறையில் அடித்திருக்கிறது, அந்த அறை ராத்திரியில் பூட்டியிருக்கிறது. மறுநாள் காலையில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

இப்போது இருக்கும் இடத்தில் அதே மாதிரி அமுக்கியபோது நாலு நிமிஷத்தில் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. மேலச்செவல் பக்கத்துப் பிள்ளை, இருபத்திரண்டு வயது இருக்கும், முடியைக்கூட அள்ளி முடியாமல் ஓடிவந்திருக்கிறாள், ஒரு கையில் டார்ச், அக்குளில் பிரஷர் பார்க்கும் மெஷின். "ஆச்சி, என்ன செய்யுது? எந்திக்காதிய, அப்படியே இருங்க" என்று தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து நாடியைப் பிடித்தாள். ஒன்றுமில்லை தாயி, சோதித்துப் பார்த்தேன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. தலை சுற்றியது என்று சொல்லி, ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். அவளிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டது மறுநாள்தான். ஆனாலும் இதை எல்லோரும் செய்து பார்க்க வேண்டும் என்றுதான் சொல்வேன். ராத்திரி எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள், அதில் எத்தனை பேர் படித்த நர்ஸ், எத்தனை பேர் அட்டெண்டர் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டையும் அந்தப் பத்து நாளில் பார்த்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை விருந்தை வைத்து முடிவு எடுக்காமல், செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டையும் ராத்திரி டிபனையும் பாருங்கள். உப்பில்லாமல், சர்க்கரைக்காரர்களுக்கு, பல் இல்லாதவர்களுக்குக் குழைத்து என்று தனித்தனியாகத் தருகிறார்களா என்று பாருங்கள். ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்கு முடிந்து காலை டிபன் எட்டரைக்கு என்றால், இன்சுலின் போடுகிறவர்களுக்கு அந்த இடைவெளி ஆபத்து, நடுவில் பால், பிஸ்கட் கிடைக்குமா என்று கேளுங்கள்.

காகிதத்தில் என்ன இருக்கிறது

என் மகள் இருக்கும் ஊரில் இந்த மாதிரி வளாகங்கள் ரொம்ப காலமாக இருக்கின்றன. அங்கே சேரும்போது போடும் ஒப்பந்தம் பெரும்பாலும் மூன்று வகை என்று அவள் விளக்கினாள். முதல் வகையில் நுழைவுக் கட்டணம் அதிகம், ஆனால் பின்னால் நர்ஸ் பராமரிப்புக்கு மாறினாலும் மாதக் கட்டணம் பெரிதாக ஏறாது. இரண்டாவது வகையில் குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் பராமரிப்பு சலுகையில் கிடைக்கும், அதற்கு மேல் முழு விலை. மூன்றாவது வகையில் உள்ளே வரும்போது கட்டுவது குறைவு, பராமரிப்பு தேவைப்படும் அன்றைக்கு என்ன விலையோ அதைக் கட்ட வேண்டும். நம் பக்கம் நான் பார்த்த இடங்கள் எல்லாமே இந்த மூன்றாவது மாதிரிதான். பேசும்போது "கடைசி வரைக்கும் நாங்க பாத்துக்கிடுவோம்மா" என்பார்கள், காகிதத்தில் பார்த்தால் "அப்போதைய கட்டணத்தில்" என்று ஒரு வார்த்தை இருக்கும். அந்த வார்த்தைக்கு என்ன விலை என்று இன்றைய கணக்கில் எழுதி வாங்குங்கள்.

நான் உட்கார்ந்து கேட்டவற்றைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். படுக்கைப் பகுதிக்கு மாற வேண்டும் என்று யார் முடிவு செய்வது? (எங்கள் இடத்தில் டாக்டர், நாங்கள், பிள்ளைகளில் ஒருவர், மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.) அங்கே இருக்கும் காலத்தில் நம் வீடு நமக்காகக் காத்திருக்குமா, எத்தனை மாதம்? அப்போது வீட்டுக்கும் படுக்கைக்கும் இரட்டைக் கட்டணமா? ஒருவர் படுக்கைப் பகுதியிலும் ஒருவர் வீட்டிலும் இருந்தால் என்ன கணக்கு? மறதி நோய் வந்தால் வைத்துக்கொள்வார்களா? இதை விடவே கூடாது. நான் படித்த ஒரு ஒப்பந்தத்தில், மற்றவர்களுக்கு இடைஞ்சலாக இருந்தால் ஒரு மாத நோட்டீஸில் காலி செய்யச் சொல்லலாம் என்று இருந்தது. ராத்திரியில் எழுந்து "எங்க வீட்டுக்குப் போகணும்" என்று கதவைத் தட்டுகிற ஒரு ஆச்சியை இடைஞ்சல் என்று எழுதிவிட அந்த ஒரு வரி போதும்.

அப்புறம் வாய்விட்டுக் கேட்கக் கூச்சமாக இருக்கும் விஷயங்கள். ஒருவர் இறந்துபோனால் மற்றவர் அதே வீட்டில், சேரும்போது கட்டிய அதே டெபாசிட்டில் தொடரலாமா? இருவரும் போன பிறகு டெபாசிட்டில் எவ்வளவு பிடித்துக்கொண்டு எத்தனை நாளில் நாமினிக்குத் தருவார்கள், அல்லது அடுத்த ஆள் வந்த பிறகுதான் தருவார்களா? வளாகத்துக்குள் உடலை வைத்துச் சடங்கு செய்ய இடம் உண்டா, பிள்ளைகள் வெளியூரில் இருந்து வரும்வரை ஃப்ரீசர் பெட்டி ஏற்பாடு செய்வார்களா? இதையெல்லாம் கேட்டபோது ஆபீஸில் இருந்த பையன் தலையைக் குனிந்துகொண்டான், ஆனால் பதில் சொன்னான்.

டெபாசிட்டுக்கு இருப்பதா, வீட்டை விலைக்கு வாங்குவதா என்பது உங்கள் வசதி. வாங்குகிறீர்கள் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண், வில்லங்கச் சான்று, பிரிபடாத மனைப்பங்கு எல்லாம் மற்ற அபார்ட்மென்ட்டுக்குப் பார்ப்பது போலத்தான். பிள்ளைகளுக்கு வயது வரம்பு காரணமாக அங்கே குடியிருக்க முடியாது, விற்கத்தான் முடியும் என்பதை அவர்களிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

பணம்

மாதக் கட்டணத்தைக் கேட்டதும் பென்ஷனைக் கழித்துப் பார்த்து, சரி வரும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வருஷா வருஷம் ஏறும். 8 சதவீதம் ஏறினால் ஒன்பது வருஷத்தில் இரட்டிப்பு. எவ்வளவுதான் ஏற்றலாம் என்பதற்கு ஒப்பந்தத்தில் ஒரு உச்சவரம்பு வேண்டும். கட்டணத்தின் மேல் ஜிஎஸ்டி உண்டா, கரண்டும் தண்ணீரும் தனியா என்றும் கேளுங்கள்.

இரண்டாவது, பராமரிப்புக் கணக்கு. 24 மணி நேர அட்டெண்டருக்கு ஒரு நாளைக்கு என்ன என்று கேட்டு முப்பதால் பெருக்குங்கள். டயப்பர் ஒரு நாளைக்கு மூன்று நாலு வேண்டியிருக்கும், பிசியோதெரபி தனி. ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் மெடிக்கல் இன்சூரன்ஸ் காசு தரும். பராமரிப்புப் பகுதியில் மாதக்கணக்கில் இருக்கும் செலவு நம் கையில் இருந்துதான் போகும். அதற்காக ஒரு தொகையைத் தொடாமல் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் டெபாசிட் கட்ட வேண்டும்.

தபால் ஆபீஸ் கவுன்டரில் வேலை பார்த்தவள் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2023 ஏப்ரலில் இருந்து ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். நாங்கள் போட்டபோது வட்டி 8.2 சதவீதம். அந்த வீதத்தில் 30 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். போட்ட அன்றைய வட்டியே ஐந்து வருஷத்துக்கும் நிற்கும். கணவன், மனைவி இருவர் பெயரிலும் தனித்தனியாகப் போடலாம். வீட்டை விற்ற பணம் கையில் இருந்தால் முழுவதையும் டெபாசிட்டில் முடக்காமல் ஒரு பகுதியை இப்படி வைத்தால் மாதச் செலவு ஓடும்.

இன்னொன்று, மனசு நொந்து சொல்கிறேன். குடிபோகும் முன்னால், "எப்படியும் பிள்ளைகளுக்குத்தானே" என்று இருக்கிற வீட்டைச் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். எங்கள் வளாகத்தில் அப்படி எழுதிக் கொடுத்துவிட்டு வந்த ஒருவருக்கு மகன் அனுப்பும் பணம் ஏழாவது மாதம் நின்றுபோனது. உயில் எழுதுங்கள், உயிரோடு இருக்கும்வரை மாற்றிக்கொள்ளலாம். கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், என்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007ஆம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவில், அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) தலைமையில் இருக்கும் தீர்ப்பாயத்தில்தான் மனு கொடுக்க வேண்டும். எதற்கும் வழி தெரியவில்லை என்றால் 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது.

இடம்

கோயம்புத்தூர்ப் பக்கம் இந்த மாதிரி வளாகங்கள் நிறைய, நம் பக்கம் குறைவு. அங்கே வசதி கூட இருக்கலாம். ஆனாலும் ஒரு சாவுக்கோ சடங்குக்கோ தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டு அன்றைக்கே திரும்பும் தூரத்தில் இருப்பதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

நம் பக்கத்தில் பார்க்கிறீர்கள் என்றால் முதல் கேள்வி 2023 டிசம்பர். 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 செண்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி கரை புரண்டு வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம், ஜங்ஷன் எல்லாம் தண்ணீரில் நின்றன, கலெக்டர் ஆபீஸ் வளாகமும் தப்பவில்லை. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றுபோனது நினைவிருக்கும். இடத்தைக் காட்டும் ஆபீஸ்காரர்களிடம் இதைக் கேட்க வேண்டாம், எதிரே இருக்கும் டீக்கடையில் கேளுங்கள்: "அன்னைக்கு இங்க தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" கையைக் காட்டுவார்கள், இடுப்பா முழங்காலா என்று தெரிந்துபோகும். எங்கள் வளாகம் மேட்டில் இருந்ததால் உள்ளே வரவில்லை, ஆனால் ரோடு இரண்டு நாள் துண்டித்துப் போனது, அடுத்த ஷிப்ட் ஆட்கள் வர முடியாமல், இருந்த பிள்ளைகளே மாறி மாறித் தூங்கி எங்களைப் பார்த்துக்கொண்டார்கள். ஆக்சிஜன் மெஷினில் இருந்த ஒருவருக்காக மட்டும் ஜெனரேட்டரை நிறுத்தி நிறுத்தி ஓட்டி டீசலை மிச்சம் பிடித்தார்கள். அதற்குப் பிறகு நாங்கள் எல்லோரும் பதினைந்து நாள் மாத்திரை எப்போதும் கையிருப்பு வைத்துக்கொள்கிறோம். ஜெனரேட்டருக்கு எத்தனை நாள் டீசல் வைத்திருக்கிறார்கள் என்று கேட்க மறக்காதீர்கள்.

குடிதண்ணீர் ஆற்றுத் தண்ணீரா, போர் தண்ணீரா? போர் என்றால் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துப் பாருங்கள், பல இடங்களில் உப்புக் கரிக்கும்.

ஆஸ்பத்திரி தூரத்தைக் கிலோமீட்டரில் கேட்காமல் நிமிஷத்தில் கேளுங்கள், அதுவும் காலை ஒன்பது மணிக்கு. ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்கோ உங்களுக்குப் பழக்கமான தனியார் ஆஸ்பத்திரிக்கோ நீங்களே ஒரு தடவை ஆட்டோவில் போய்ப் பாருங்கள். குற்றாலம் பக்கம் இடம் பார்க்கிறவர்கள் நிறையப் பேர். ஆனி, ஆடியில் சாரல் விழும்போது அதைவிட நல்ல ஊர் கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூச்சிரைப்பும் மூட்டுவலியும் இருக்கிறவர்கள் அந்த ஈரத்தில் இரண்டு வாரம் தங்கிப் பார்த்துவிட்டு முடிவு எடுங்கள். தென்காசியில் கிடைக்காத பெரிய சிகிச்சை என்றால் திருநெல்வேலிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வர வேண்டியிருக்கும்.

வீட்டுக்குள் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான், பாத்ரூம். டேப் கொண்டுபோய்க் கதவை அளந்து பாருங்கள். வீல்சேர் நுழைந்து திரும்ப மூன்றடி அகலம் வேண்டும், நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டரை அடிதான் இருக்கும். வாசல்படி மேடு இருக்கக் கூடாது, தரை ஈரத்தில் வழுக்கக் கூடாது, பிடிகம்பி சுவரில் ஆடாமல் இருக்க வேண்டும், பிடித்துத் தொங்கியே பாருங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்து கிடந்தால் உள்பக்கம் திறக்கும் கதவை நம் உடம்பே அடைத்துக்கொள்ளும்.

போன பிறகு

முதல் மூன்று மாதம் கஷ்டம். அதை மறைக்க மாட்டேன். ராத்திரி பாளையங்கோட்டை வீட்டு முருங்கை மரம் ஞாபகம் வந்து அழுதிருக்கிறேன். பழைய வீட்டை உடனே விற்காமல் ஒரு வருஷம் பூட்டியோ வாடகைக்கோ வைத்திருங்கள், திரும்பிப் போக வழி இருக்கிறது என்ற நினைப்பே பாதித் தைரியம். சாமானில் முக்கால்வாசியைக் கொடுத்துவிட வேண்டியிருக்கும். நான் கொண்டுவந்தது ஒரு பத்தமடைப் பாய், அம்மையின் வெங்கலப்பானை, சாமி படங்கள், தையல் மெஷின். வெங்கலப்பானையில் இப்போது சமைப்பதில்லை, ஆனால் தை பிறந்தால் வளாகத்துக்கே பொங்கல் அதில்தான்.

பொம்பளைகள் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறோம், ஆண்கள்தான் அறையை விட்டு வர மாட்டேன் என்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். என் வீட்டுக்காரர் முதல் இரண்டு மாதம் டிவி முன்னாலேயே இருந்தார். மெஸ் கமிட்டியில் கணக்குப் பார்க்க ஆள் இல்லை என்று கூப்பிட்டார்கள், அன்றைக்கு எழுந்தவர்தான். கமிட்டியில் சேர்ந்த பிறகுதான் எங்களுக்கும் நம் ஊர்ச் சாப்பாடு வந்தது. சமையல்காரர் வெளியூர்க்காரர், சொதி என்றால் தேங்காய்ப்பால் குருமா என்று நினைத்துக்கொண்டு பட்டை, கிராம்பு போட்டுவிட்டார். நானும் கல்லிடைக்குறிச்சி அத்தை ஒருவரும் சமையல்கட்டில் நின்று, பாசிப்பருப்பும் இஞ்சிச் சாறும் முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்ற வரிசையும் சொல்லிக் கொடுத்தோம். இப்போது மாதத்துக்கு ஒருமுறை சொதி, சனிக்கிழமை உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும், திருவாதிரைக்குக் களியும் தாளகமும். நீங்களும் குறை என்று தோன்றுவதை மாதக் கூட்டத்தில் எழுதிக் கொடுங்கள், வாய்ப்பேச்சு காற்றில் போய்விடும்.

வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், சாப்பிட்டியா என்று கேளுங்கள். கடன் கொடுக்கவோ நகையைக் கழற்றி வைத்துக்கொள்ளச் சொல்லவோ வேண்டாம், அது அவர்களுக்கும் சங்கடம். நகையை லாக்கரில் வைத்துவிட்டு வாருங்கள்.

மத்திய அரசு பென்ஷன்காரர்கள் நவம்பரில் உயிர்வாழ்வுச் சான்றுக்காக அலைய வேண்டாம். தபால்காரரை வரச் சொன்னால் வீட்டுக்கே வந்து விரல்ரேகை எடுத்து முடித்துக் கொடுப்பார், கட்டணம் 70 ரூபாய். எங்கள் வளாகத்தில் எல்லோரும் ஒரே நாளில் வரவழைத்துக்கொள்கிறோம். ஆதார், வங்கி, ரேஷன் கார்டு முகவரி மாற்றத்தை முதல் மாதமே முடித்துவிடுங்கள்.

விழுந்த நாள்

2024 ஐப்பசியில் ஒரு காலை, ஐந்தரை மணி, ராத்திரி முழுக்க மழை. பேப்பர் எடுக்க வாசலுக்குப் போன என் வீட்டுக்காரர் வழுக்கி விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. பெல்லை அமுக்கியதும் வந்த பிள்ளைகள் அவரைத் தூக்காமல், பலகையில் நகர்த்திப் படுக்கவைத்தார்கள். யாராவது விழுந்தால் கையைப் பிடித்து இழுத்து நிறுத்திவிடாதீர்கள். மறுநாள் ஆபரேஷன், ஒன்பதாம் நாள் வளாகத்துக்குத் திரும்பி வந்து படுக்கைப் பகுதியில் சேர்த்தோம்.

ஏழு வாரம் அங்கே இருந்தார். எங்கள் வீட்டு வாசலில் இருந்து அவர் கட்டிலுக்கு நூற்று நாற்பது காலடி, நான் எண்ணியிருக்கிறேன். காலையில் ஃப்ளாஸ்க்கில் காபி எடுத்துக்கொண்டு போவேன், மத்தியானம் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் படுப்பேன், சாயங்காலம் மறுபடி போய் ராத்திரிச் சாப்பாட்டை ஊட்டிவிட்டு வருவேன். மலம் அள்ள, புரட்டிப் படுக்கவைக்க, குளிப்பாட்ட ஆள் இருந்தது. நான் மனைவியாக மட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பாளையங்கோட்டை வீட்டில் இருந்திருந்தால் அவரைத் தூக்கித் தூக்கி நானும் படுத்திருப்பேன். எட்டாவது வாரம் வாக்கரோடு அந்த நூற்று நாற்பது காலடியையும் அவரே நடந்து வீட்டுக்கு வந்தார்.

அன்றைக்கு ஆம்புலன்ஸில் ஏறும்போது எங்களுக்குக் கைகொடுத்தது ஒரு ஃபைல். குடிபோன முதல் வாரமே நீங்களும் ஒன்று போட்டு வையுங்கள். அதில் இருவருடைய ஆதார் நகல், இன்சூரன்ஸ் அட்டை, தினமும் சாப்பிடும் மாத்திரைப் பட்டியல், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பது, ரத்த வகை, கடைசி ஈசிஜி, பிள்ளைகள் நம்பர், பக்கத்தில் இருந்து உடனே வரக்கூடிய சொந்தக்காரர் ஒருவருடைய நம்பர், டெபாசிட் ரசீது நகல், உயில் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு எல்லாம் இருக்க வேண்டும். வெண்டிலேட்டரில் வைக்கலாமா வேண்டாமா, கண்தானம் உண்டா, கடைசிக் காரியம் எந்த ஊரில் என்பதையும் உங்கள் கையெழுத்தில் எழுதி வையுங்கள், பிள்ளைகள் ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஆளுக்கொன்று சொல்ல வேண்டியிருக்காது. ஃபைல் எங்கே இருக்கிறது என்பது ராத்திரி டியூட்டி நர்ஸுக்கும் பக்கத்து வீட்டுக்கும் தெரிய வேண்டும். எங்களுடையது சிவப்பு ஃபைல், பிரிட்ஜுக்கு மேலே.